ஏரிக்குத் திரும்பாத மண்

ஈரக் களிமண்ணின் வாசனை எனக்கு மூக்கில் ஏறுவதில்லை; நேரே தொண்டைக்குள் இறங்குகிறது. உத்திரமேரூர் பஜாரில், சதுர்த்திக்கு முந்தின நாள், பூக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் சாக்கை விரித்துக்கொண்டு ஒருவர் பிள்ளையார் அச்சடித்துக்கொண்டிருந்தார். மர அச்சில் மண்ணை அப்பி, கட்டைவிரலால் அழுத்தி, முதுகில் ஒரு தட்டுத் தட்டிப் பலகையில் இறக்குவார். இறங்கினதும் தொந்தி. அதன் மேல் சாய்ந்த தும்பிக்கை. கண்ணுக்கு இரண்டு குன்றிமணி. பக்கத்தில் எருக்கம்பூ மாலை, காகிதக் குடை, கம்பு கட்டிய வாழைக்கன்று, எல்லாவற்றுக்கும் மேலே பஸ் புகை. அத்தனை வாசனையையும் முழங்கையால் தள்ளிவிட்டு மண் மட்டும் வந்து தொண்டையில் உட்கார்ந்தது.

"இந்த மண்ணு எங்கேருந்து வந்ததுங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மண்ணுக்கு இன்னா நைனா ஊரு பேரு? ஏரி மண்ணுதான். ஓணும்னா எடு, இல்லாங்காட்டி வயிய உடு. பின்னால ஆளு நிக்கிது பாரு."

வழியை விட்டேன். பிள்ளையார் வாங்கவில்லை. எங்கேருந்து வந்தது, எங்கே போகும் என்று கேட்கிற இந்தக் கேள்வி என்னுடையது அல்ல. ஒரு பெண்மணி என்னிடம் விட்டுப்போனது. அவர் போய் வெகுகாலம் ஆகிறது. கேள்வி மட்டும் போகாமல் வீட்டில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

அவரை எல்லாரும் நேரில் மேடம் என்றார்கள். முதுகுக்குப் பின்னால் எங்கபோச்சு மேடம். பெயர் வைத்தது யார் என்று தெரியாது. ஒருவேளை எல்லாரும்தான்.

காவாந்தண்டலம் பக்கம், வயலுக்கு நடுவே தகரக் கூரை போட்ட கம்பெனி அது. மோட்டார் சைக்கிள் கைப்பிடி, கண்ணாடித் தண்டு, புகைக்குழாய் மூடி என்று மொட்டையாக வருகிற இரும்புக்கு நிக்கலும் குரோமியமும் பூசி, முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று திருப்பி அனுப்புவோம். நான் சரக்கு அனுப்புகிற மேசையில் இருந்தேன். பளபளப்பு என் பக்கம். பூசி முடித்த உருப்படிகளைத் தொட்டி தொட்டியாக அலசுவார்களே, அந்தத் தண்ணீர் பச்சையும் மஞ்சளுமாகப் பின்கட்டுக்குப் போகும். அதைச் சுத்தம் செய்கிற பின்கட்டு மேடத்துடையது.

முதலாளி, லாபம் எங்கே இருக்கிறதோ அங்கே விளக்கு போடுவார். பின்கட்டில் ஒரே ஒரு குழல்விளக்கு, அதுவும் கண் சிமிட்டும். நான்கு தொட்டி, ஒரு துடுப்பு மோட்டார், மண்ணை அழுத்திப் பிழிகிற ஒரு பழைய பிரஸ். கவிழ்த்துப் போட்ட நீல நிறப் பீப்பாய் மேடத்தின் நாற்காலி. அதில் உட்காரும்போதெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சில் ஒரு நாளின் அலுப்பு இல்லை, நாளைக்கும் இதே தண்ணீர்தான் வரும் என்கிற அலுப்பு இருந்தது.

முதலில் சுண்ணாம்பு. கலக்கினால் உலோகத்தில் பெரும்பகுதி கட்டி தட்டிக் கீழே இறங்கிவிடும். இறங்காமல் அடம்பிடிக்கிற மிச்சத்துக்குத்தான் களிமண். குழைத்து ஊற்றித் துடுப்பை ஓட விடுவார். தொட்டி முழுக்கக் காவேரி வெள்ளம் மாதிரி புரளும். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். மேலே தண்ணீர் தெளியும். கீழே மண் படியும். படிந்த மண்ணைப் பிரஸ்ஸில் கொடுத்தால் சதுர சதுரமாக வில்லை விழும். வெயிலில் காய்ந்தால் லேசாகப் பச்சை ஓடிய சாம்பல் நிறம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். கையில் எடுத்தால் விடத் தோன்றாத வழுவழுப்பு.

பார்வையிட வருகிறவர்கள் தெளிந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார்கள். படம் எடுப்பார்கள்.

"சூப்பர் மேடம். கிறிஸ்டல் மாதிரி கீது."

"தெளிஞ்சிடுச்சி சார். அதுல இருந்தது எங்க போச்சி?"

"மண்ணுல."

"மண்ணு எங்க போவும்?"

வந்தவர் முதலாளியைப் பார்ப்பார். முதலாளி, "டீ ஆறுது சார், வாங்க" என்பார். மேடம் பீப்பாயில் உட்கார்ந்து ஒரு மூச்சு விடுவார்.

மண் எப்படிப் பிடித்து வைக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். ரசாயனம் படித்தவர், கரும்பலகை இல்லாமலே சொல்லத் தெரிந்தவர்.

"காஞ்சிபுரத்துல ஷேர் ஆட்டோவுல போயிருக்கியா தம்பி? மண்ணு அந்த மாதிரிதான். கண்ணுக்குத் தெரியாத அடுக்கு அடுக்கா சீட்டு. அதுல சோடியமோ கால்சியமோ ஏற்கெனவே குந்திக்கினு கீது. நிக்கல் வருது. 'கொஞ்சம் எறங்குப்பா'ன்னுது. அது எறங்குது, இது குந்திக்குது. எறங்கனது தண்ணியோட போவும், அதால ஒரு கெடுதியும் இல்ல."

"நிக்கல் அப்புறம் எறங்காதா?"

"புளிப்பு பட்டா எறங்கிடும். அமிலம் கொஞ்சம் பட்டா போதும், அம்மாம் பேரும் ஒரே நிறுத்தத்துல குதிச்சிடுவாங்க. அதான் எனக்குத் தூக்கமே வர்றதில்ல."

'எங்க போச்சி' என்கிற கேள்வி அவருக்குச் சின்ன வயதில் பிடித்த வியாதி. காஞ்சிபுரத்தில் பட்டு நெசவுக் குடும்பம். அப்பா நூலுக்குச் சாயம் தோய்ப்பவர். தெருச் சாக்கடை ஒருநாள் அரக்காக ஓடும், ஒருநாள் மயில்கழுத்தாக ஓடும். மற்ற பிள்ளைகள் காகிதக் கப்பல் விட்டார்கள். இவர் கேட்டிருக்கிறார்: "நைனா, இந்த கலர் எங்க போவுது?" கால்வாய்க்கு. "கால்வா எங்க போவுது?" ஆற்றுக்கு. "ஆறு எங்க போவுது?" அப்பா சாயக்கோலாலேயே முதுகில் ஒன்று வைத்தாராம். "சட்டையில நீலக்கோடு உழுந்துச்சி தம்பி. அத்த தோய்ச்ச தண்ணி எங்க போச்சின்னு கேக்கல நான். அடி வாங்குன புத்தி." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே களைத்து உட்கார்ந்துவிட்டது.

அவரோடு பஸ்ஸில் போவது பேஜார். டீ குடித்த காகிதக் கோப்பையை ஜன்னல் வழியே எறிய முடியாது. திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், மெதுவாகக் கேட்பார்: "எங்க போச்சி?" மாம்பழத் தோல், டிக்கெட், கடலைப் பொட்டலம் எல்லாம் அவருடைய பையில் ஒரு ஓரமாக ஊர் போய்ச் சேரும்.

பொருளோடு நின்றாலும் பரவாயில்லை. ஒரு காலை, சரக்கு மாறிப் போய்விட்டதென்று முதலாளி எல்லார் எதிரிலும் என்னைப் பார்த்துக் கத்தினார். நான் கொதித்தேன். வேலையை விடுகிறேன் என்றேன். சாயங்காலம் யாரோ சொன்ன ஒன்றுக்கு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"காலைல அவ்ளோ கோவம் வந்துச்சே. எங்க போச்சி?"

"போயிடுச்சி மேடம்."

"அதெல்லாம் போவாது. அடியில எங்கனா படிஞ்சி குந்திக்கினு இருக்கும். வூட்டுக்குப் போயி சம்சாரத்துக்கிட்ட எறக்கிடாத."

அன்று இரவுச் சோறு குழைந்திருந்தது. வாயைத் திறந்தவன் பாதியில் மூடிக்கொண்டேன்.

கம்பெனியில் இருந்தவரை ஒரே ஒருமுறைதான் அவர் கேட்காமல் இருந்தார். என் அப்பா இறந்த அன்று. வந்தவர்கள் அத்தனை பேரும் போயிட்டாரே, போயிட்டாரே என்றார்கள். எனக்கு உள்ளே பயம், இவர் வந்து கேட்டுவிடுவாரோ என்று. பஸ் பிடித்து வந்தார். செருப்பை வெளியே விட்டார். என் பக்கத்தில் தரையில் குந்தினார்.  எழுந்து போகும்போது, "நாஷ்டா துன்னியா?" என்றார். இல்லை என்றேன். பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

இனி ஏரி மண்ணின் கதை.

தொட்டிக்குப் போடுகிற மண் வெளி மாநிலத்திலிருந்து மூட்டையாக வரும். ஒரு வருஷம் வரத்து நின்றுபோயிற்று. அப்போது ஊர்ச் சின்ன ஏரியில் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். இவர் போய் ஒரு வாளி அள்ளி வந்தார். அவர் மகள் ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆசிரியை ஒருவரைப் பிடித்து அந்த மண்ணைச் சோதித்துப் பார்த்தார். விலைக்கு வாங்குகிற மண்ணுக்குக் கிட்டத்தட்ட சமமாக நிக்கலை இழுத்தது. அந்த ஒரு வாரம்தான் அவர் முகத்தில் அலுப்பைப் பார்க்காத வாரம். டீக்கடையில் நின்று ஊராரிடம் சொன்னார்: "உங்க ஏரி மண்ணு தங்கம்ங்க. இன்னா இழுப்பு இழுக்குது!"

ஊருக்குப் பெருமை தாளவில்லை. ஏரியில் எடுத்த மண்ணை அவர்களே டிராக்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள். புது மண்ணும் சாக்கில், தொட்டியில் வேலை முடித்து வில்லையாகிப் பொடிந்த மண்ணும் சாக்கில். அதே வெள்ளைச் சாக்கு. முதலாளியிடம் தனிச் சாக்கு கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன மேடம், பயன்படுத்தின மூட்டை மேல் சாக்கட்டியால் பெரிய பெருக்கல் குறி போட்டு வைத்தார். அந்த மூட்டைகள் போகவேண்டிய இடம் தனி. ஆபத்தான கழிவைப் புதைக்கவென்றே அனுமதி பெற்ற ஓர் இடம் வடக்கே தூரத்தில் இருந்தது. லாரி நிறையச் சேர்ந்தால்தான் அனுப்புவேன் என்றார் முதலாளி. செங்கல் சூளைக்காரர் ஒருவர் சும்மா எடுத்துக்கொள்கிறேன் என்று வந்தார். "செங்கலு எங்க போவும்?" என்று கேட்டு அவரைத் திருப்பி அனுப்பினார் இவர். பின்கட்டுக் கொட்டகை நிரம்பி, மிச்ச மூட்டைகள் வாசல் பக்கம் வந்தன. தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு.

அந்த ஆடியில் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் காற்றில் விலகியது. சாக்கட்டிக் குறி கரைந்தது.

சதுர்த்தி வந்தது. ஏரி தளும்பிக் கிடந்ததால் பிள்ளையாருக்கு மண் வெட்ட இடமில்லை. அந்த ஊரில் ஏரியில் எடுத்த மண்ணில்தான் பிள்ளையார்; கும்பிட்டு முடித்தால் அதே ஏரியில் கரைப்பார்கள். கடன் வாங்கின மண்ணைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. எங்கள் வாட்ச்மேன் யோசித்திருக்கிறார். வாசலில் நம் ஏரி மண்தானே மூட்டை மூட்டையாக இருக்கிறது. இரண்டு மூட்டையை எடுத்துப் போனார். திருட்டு என்று அவர் மனசில் ஒரு துளியும் இல்லை. அவர் மனைவிக்கு அச்சு வைத்துப் பிள்ளையார் தட்டத் தெரியும். தெருவுக்கே தட்டிக் கொடுத்தார்.

சதுர்த்திக்கு மறுநாள் காலை வாட்ச்மேன் விரல் இடுக்கைச் சொறிந்துகொண்டே கதவைத் திறந்தார்.

"இன்னாங்க கையில?" என்றார் மேடம், உள்ளே நுழைந்துகொண்டே.

"அரிப்பு மேடம். எனக்கு பரவால்ல, சம்சாரத்துக்கு ரெண்டு கையும் செவந்து பூத்துப்போச்சி. புள்ளாரு செஞ்சா."

அவர் நின்றார். "எந்த மண்ணுல?"

"நம்ம ஏரி மண்ணு மேடம். தா, அங்க குந்திக்கினு கீதே, அதுல ரெண்டு."

கை காட்டின இடத்தில் பழைய மூட்டைப் பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அவர் அதைப் பார்த்தபடி கேட்டார், குரலே எழவில்லை: "எங்க போச்சி?"

அந்தக் கேள்வியைப் பயத்தோடு அவர் கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் முறை.

முதலாளி கெட்டவர் இல்லை. அவசரக்காரர். "மேடம், அது சாமி. ரெண்டு நாள்ல கரைஞ்சி காணாமப் போயிடும். நீங்க போயி வெசம், அது இதுன்னா கம்பெனி காணாமப் போயிடும்."

"கரைஞ்சா காணாமப் போவாது சார். இன்னும் பரவும், அவ்ளோதான். அந்தத் தண்ணிலதான் மாடு குளிக்குது, மீன் புடிக்கிறாங்க, நாத்து உடறாங்க."

"ரெண்டு மூட்டைதானே?"

"இத்தன வருசமா நாம தண்ணிலேர்ந்து எடுத்ததும் அப்படித்தான் சார். மூட்டை மூட்டையா."

"போனீங்கன்னா உங்க இஷ்டம். யாராச்சும் கேட்டா, மூட்டைய மாத்தி வெச்சது மேடம்தான்னு சொல்லிடுவேன்."

"அது நெஜந்தானே சார்," என்றார். "சாக்கட்டில எழுதனது நான்தானே."

மகளுக்கு அது கடைசி வருஷம். வீட்டில் அவர் சம்பளம்தான் ஓடியது. எல்லாம் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாதா? என் மொபெட்டின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "வண்டிய எடு தம்பி. கரைக்கறதுக்குள்ள எல்லாத்தயும் வாங்கிடணும்."

முதல் வீட்டிலேயே சாக்குப்பையைப் பார்த்ததும் அந்த வீட்டு அம்மாள் கத்தினார். "பொட்டு வெச்சி, பூ வெச்சி, கொயக்கட்டை படைச்ச சாமிய குப்பை மாதிரி மூட்டையில போடறதா? நல்லாருப்பியா நீ?"

மேடம் சாக்கை என்னிடம் கொடுத்தார். அதே வீட்டில் ஒரு தாம்பாளம் கேட்டார். கற்பூரம் கேட்டார். "கரைக்கத்தாங்க போறேன். ஏரில இல்ல, கம்பெனித் தொட்டில. நாளைக்கு வாங்க, உங்க கையால எறக்குங்க. ஆனா புள்ளைங்க இத்த தொட வேணாம், தொட்டிருந்தா சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்க." வீட்டுக்கு வீடு அதேதான் சொன்னார். சிலர் கொடுத்தார்கள். சிலர் கதவைச் சாத்தி, யோசித்து, திறந்து கொடுத்தார்கள்.

டீக்கடையில் ஒரு பெரியவர் வழிமறித்தார். "அன்னிக்கி எங்க ஏரி மண்ணு தங்கம்ன. இன்னிக்கி வெசம்ங்கற. இன்னாம்மா உன் கதை?"

"ரெண்டும் நெஜந்தாங்க பெரியவரே. தங்கமா இருக்கங்காட்டிதான் அவ்ளோ வெசத்தயும் இழுத்து மடியில வெச்சிக்கினு கீது."

பெரியவர் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்ட ஆட்டமா, நொந்துகொண்ட ஆட்டமா, தெரியவில்லை.

சாயங்காலத்துக்குள் எல்லாம் சேர்ந்துவிட்டன, ஒன்றைத் தவிர. பம்புசெட்டு வீட்டுப் பிள்ளையார். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது: "அவுங்க வூட்ல மறுநாளே கரைச்சிடுவாங்க. மூணாம் நாளு வெச்சிக்கிற வயக்கம் இல்ல. இப்பதான் போனாங்க."

ஏரிக்கரையில் மொபெட்டைச் சாய்த்துப் போட்டேன். கீழே படித்துறையில் அந்தக் குடும்பம் நின்றது. வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் தண்ணீரில். கையில் பிள்ளையார் இல்லை. மூன்று முறை முக்கி விட்டுவிட்டுத் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

மேடம் செருப்போடு இறங்கினார். புடவையோடு. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. குனிந்தார், முகம் முழுகியது, கைகள் கீழே துழாவின. எழுந்தபோது முந்தானையில் ஒரு மண்கட்டி. தொந்தி இருந்தது. ஒரு குன்றிமணிக் கண் இருந்தது. தும்பிக்கை இல்லை.

"இன்னாமே பண்ற?" வீட்டுக்காரர் கத்தினார். கோபத்தை விட அதில் பயம்தான் அதிகம். "கரைச்ச சாமிய கரையேத்தறியா? எங்க வம்சத்துக்கு ஆவுமா?"

"மன்னிச்சிக்குங்க. இது இங்க கரையக் கூடாது."

கரையில் கூட்டம் சேர்ந்திருந்தது. யாரோ ஒருவன், கம்பெனியில் வேலை பார்த்தவனாக இருக்கவேண்டும், மேலிருந்து கூவினான்: "தும்பிக்கை எங்க போச்சி மேடம்?"

சிரிப்பு எழுந்தது. படித்துறை முழுக்க உருண்டது.

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கேட்டவனுக்குப் பதில் சொல்லவேண்டும் என்பது போலத் தண்ணீரைப் பார்த்தார். தன்னைச் சுற்றிக் கலங்கி, மெல்ல மெல்ல விரிந்து, ஏரியின் நிறத்தோடு சேர்ந்துகொண்டிருந்த அந்தப் பழுப்பைப் பார்த்தார். அத்தனை வருஷம் மற்றவர்களைக் கேட்டவர். இப்போது கேள்வி அவரிடம் வந்திருந்தது.

பிறகு பிள்ளையாரை, பின்னால் இறங்கி வந்திருந்த என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி குனிந்தார். அடிச்சேற்றை இரண்டு கையாலும் அள்ளி முந்தானையில் கொட்டினார். மறுபடி. மறுபடி. சிரிப்பு தானாக நின்றது. பம்புசெட்டு வீட்டு மருமகள் யாரையும் கேட்காமல் ஓர் அலுமினியச் சட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி அவர் பக்கத்தில் நீட்டிப் பிடித்தாள். மாமனார் பார்த்துக்கொண்டே நின்றார். விளக்கு வைக்கும் நேரம்வரை சட்டி நிறைந்து நிறைந்து கரையேறியது.

மறுநாள் கம்பெனித் தொட்டியில் விசர்ஜனம். ஊர் வந்தது, பாதி பக்தி, பாதி வேடிக்கை. கற்பூரம் காட்டி ஒவ்வொன்றாக இறக்கினார்கள். வாட்ச்மேன் மனைவி கையில் துணி சுற்றியிருந்தார். மேடம் அவர் கையைப் பிடித்தபடியே நின்றார். துடுப்பு சுழன்றது. தெளிந்தது. பிரஸ்ஸில் வில்லை விழுந்தது. புதுச் சாக்கில் கட்டி, சிவப்புப் பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டார். போட்ட பிறகு தொட்டுக் கும்பிட்டார். அவர் அப்படிச் செய்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஏரித் தண்ணீரைச் சோதனைக்கு ஏனாத்தூருக்கு எடுத்துப் போனார். "அளவுக்குள்ளதான் கீதாம்," என்றார் திரும்பி வந்து. சந்தோஷம் இல்லை. "அளவுக்குள்ளன்னா இல்லன்னு அர்த்தமில்ல தம்பி."

விஷத்தைப் பற்றி ஊரில் யாரும் புகார் சொல்லவில்லை. கரைத்த சாமியைப் பெண்பிள்ளை தண்ணீரிலிருந்து எடுத்தாள் என்பதுதான் புகார். முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் வந்து, எல்லாரையும் சமாதானம் செய்து, கோயிலுக்கு ஒரு பூஜை செய்வதாகச் சொல்லி, மேடத்தை மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார். சொல்லும்போது அவர் குரலும் களைத்திருந்தது. மேடம் "சரிங்க சார்" என்றார். "மூட்டைங்க மட்டும் போயிடணும் சார்." "போவும், போவும்," என்றார் முதலாளி.

போயிற்று. மேடம் போன பிறகு ஒருநாள் லாரி வந்தது. மூட்டைகளை ஏற்றினார்கள். சிவப்புக் குறிகள் வரிசையாக ஏறின. நான் மேசையை விட்டு எழுந்து போய் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், மூட்டைக்குக் காவலா? உள்ள தங்கமா கீது?"

"ஆமாங்க," என்றேன்.

திருமுக்கூடல் பாலத்தில் லாரி ஏறியபோது வெயில் சாய்ந்திருந்தது. மூன்று ஆறும் சேருகிற இடத்தில் மணல் சேர்ந்திருந்தது. எனக்கு ஏன் இந்த வேலை என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டேன். போய்ச் சேர்ந்தோம். கறுப்பு பிளாஸ்டிக் விரித்த மாபெரும் பள்ளம். மூட்டைகளை அதற்குள் இறக்கி மண் தள்ளினார்கள். அங்கே நின்றிருந்த மேற்பார்வைக்காரரைக் கேட்டேன், மழை பெய்தால் இதில் ஊறுகிற தண்ணீர்? அடியில் குழாய் போட்டிருக்கிறோம், அந்தத் தண்ணீரைப் பிடித்துச் சுத்தம் செய்வோம் என்றார். சுத்தம் செய்தால் வருகிற கசடு? திரும்ப இங்கேதான், என்று சிரித்தார். எனக்கும் ஒரு மூச்சு வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு விடுகிற மூச்சு.

பள்ளத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. 

அவ்வளவு தூரம் லாரியில் ஏன் போனேன் என்றால், அவர் கிளம்பின நாளில் உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் நடந்ததுதான் காரணம். காஞ்சிபுரம் பஸ் புகை விட்டுக்கொண்டு நின்றது. அவரிடம் ஒரே ஒரு பை. அதில் டிபன் பாக்ஸ், ரப்பர் கையுறை, பெயின்ட் பிரஷ். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு பெண் கடலைத்தோலை வெளியே ஊதிக்கொண்டிருந்தாள். இவர் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். நான் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன்.

"வேற எடம் பாத்தாச்சா மேடம்?"

"பாக்கணும். எங்க போனாலும் ஒரு தொட்டி இருக்கும்."

"அலுப்பா இல்லியா?"

"அலுப்புதான். இன்னா பண்றது?" என்றார். "அலுப்பு எங்க போவும்?"

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

"லாரி போனதும் போன் பண்றேன் மேடம். கண்டிப்பா."

அவர் கையை வெளியே நீட்டி என் விரல்களைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டார், விழுந்துவிடுவேன் என்று.

"லாரி போச்சின்னு சொல்லாத தம்பி. எங்க போச்சின்னு சொல்லு."